நாரைக்கு வந்த வெள்ளைக் கழிச்சல்

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, பயிற்சியில் யாரும் சொல்லித் தராத ஒன்றைச் சொல்லப்போகிறேன். பயிற்சியில் படித்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. கோழி இறக்கையைத் தொங்கவிட்டால் காய்ச்சல். வாயைத் திறந்தபடி நின்றால் மூச்சுத் திணறல். காலெல்லாம் வெள்ளையாகக் கழிந்து வைத்தால் வெள்ளைக் கழிச்சல். இந்த மூன்றையும் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன். அந்தத் திறமைதான் ஒருமுறை என்னைச் சந்தி சிரிக்க வைத்தது. நல்லவேளையாக, கூட நானும் சிரித்துவிட்டேன்.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் யாரும் நம்மை ஆய்வாளர் என்று அழைப்பதில்லை என்பது இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். 'ஊசி போடுற சார்' என்பார்கள். மாடு சிக்கலில்லாமல் கன்று போட்டுவிட்டால் அன்றைக்கு மட்டும் 'டாக்டர்' என்று பதவி உயர்வு கொடுப்பார்கள். மறுநாள் பழையபடி ஊசிதான். ஆனால் இந்த ஊசி சார் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்கு ஊரில் எவ்வளவு மதிப்பு என்பது எனக்கே நாற்பத்து நாலு வயதில்தான் தெரிந்தது.

அப்போது மரக்காணத்துக்கு மேற்கே ஒரு கால்நடைக் கிளை நிலையத்தில் இருந்தேன். கிழக்கே பார்த்தால் உப்பளம், மேற்கே பார்த்தால் நெல்வயல். நடுவில் ஒரு ஏரி. ஏரிக்குள்ளேயே கருவேல மரங்கள் அடர்ந்து நிற்கும். சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம் ஐப்பசி, கார்த்திகையில் பேய் மழை பெய்து, ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து, பாதி மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. அந்த மரங்களைத் தேடித்தான் நாரைகள் வந்தன.

நூற்றுக்கணக்கில் வந்தன. நத்தைகுத்தி நாரை என்று பெயர். வெள்ளை உடம்பு, இறக்கை ஓரமும் வாலும் கருப்பு, நெடிய கால்கள். சுள்ளியைப் பரப்பி, மேலே பச்சைத் தழை வைத்து, ஒரே மரத்தில் பத்துப் பதினைந்து கூடு கட்டும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஒன்று வந்து உட்காரும்போது மற்றது அலகை டகடகவென்று தட்டி வரவேற்கும். இதெல்லாம் பின்னால் நான் தெரிந்துகொண்டது. அந்தச் சமயத்தில் எனக்குத் தெரிந்தது, நம் பதிவேட்டில் நாரைக்குப் பத்தி கிடையாது என்பது மட்டும்தான். தினமும் இரண்டு முறை ஏரிக்கரையில் மொபெட்டில் போவேன். மூன்று மாதத்தில் ஒருமுறைகூடத் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை.

மாசி மாதம், மகாராஷ்டிரப் பக்கம் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. எங்கோ வந்தது என்று யாரும் இருக்கவில்லை. டீக்கடையில் முட்டை போண்டாவைக்கூட யாரும் தொடவில்லை. வீட்டுக்கு வீடு கோழிகளைக் கூடையால் மூடி, கூடைமேல் பாயைப் போட்டு மறைத்தார்கள். காய்ச்சலுக்குப் பயந்து அல்ல, கோழிகளை எல்லாம் பிடித்துப் புதைக்க எப்போது வேண்டுமானாலும் நான் வருவேன் என்று பயந்து.

ஊரிலேயே அதிகம் பயந்தவர் பஷீர் பாய். கோட்டக்குப்பத்துக்காரர். பதினோரு வருடம் ரியாத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து, ஏரிக்கரையை ஒட்டிக் கறிக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். மூவாயிரம் கோழி. அவருடைய கொட்டகைக் கூரையிலிருந்து கல்லெறிந்தால் விழும் தூரத்தில் நாரைகளின் முதல் மரம்.

ஒருநாள் காலையில் அவர் கிளை நிலையத்துக்கு ஓடி வந்தார். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"சார், நாரை எல்லாம் செத்து விழுது சார். நாலு நாளா விழுது. என் கோழிக்கு வந்துடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? திரும்பி ரியாத் போற வயசா எனக்கு?"

வேலையை முடித்துவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது நண்பகல். எனக்கு முன்னால் செய்தி போய்விட்டது. கரையில் முப்பது பேர், எல்லார் மூக்கிலும் கைக்குட்டை, துண்டு, ஒருவர் வேட்டி நுனியையே தூக்கிக் கட்டியிருந்தார். நானும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக நிமிர்ந்து நாரையைப் பார்த்தேன்.

கூட்டில் நின்ற ஒவ்வொரு பெரிய பறவையும் இறக்கையைப் பாதி விரித்துத் தொங்கவிட்டிருந்தது. ஒவ்வொன்றின் அலகும் நடுவில் மூடாமல் திறந்தே இருந்தது. கால்கள் தொடையிலிருந்து கீழ்வரை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக வழிந்திருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. வரிசை மாறாமல் மூன்றும் இருந்தன. கரையோரத் தண்ணீரில் செத்த குஞ்சுகள் கிடந்தன.

இங்கேதான் கவனியுங்கள். என் தப்பு இரண்டு. முதல் தப்பைக்கூட மன்னிக்கலாம், தெரியாத பறவையைத் தெரிந்த கோழியாகப் பார்த்துவிட்டேன். இரண்டாவதற்கு மன்னிப்பே கிடையாது. முப்பது பேர் நடுவில் நின்றுகொண்டு, இடுப்பில் கைவைத்து, வாயைத் திறந்து சொன்னேன்.

"வெள்ளைக் கழிச்சல் மாதிரி இருக்குது. அதைவிடப் பெரிசாவும் இருக்கலாம்."

பெரிசு என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பஷீர் பாய் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பஞ்சாயத்துத் தலைவர் அந்த இடத்திலேயே முடிவு சொல்லிவிட்டார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு மரத்தை எல்லாம் வெட்டிச் சாய்ச்சுடணும். பர்மிஷன் கிர்மிஷன் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பாய், உன் கோழியையும் குழி தோண்டிப் பொதைச்சுடு. ஊரு முக்கியம்."

தடுக்க வேண்டியவன் நான். சந்தேகத்தைச் சொன்னவனும் நான். தலையை ஆட்டிவிட்டு மொபெட்டை உதைத்தேன்.

மெயின் ரோட்டு பூத்திலிருந்து எங்கள் டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். கால்நடை மருத்துவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், வேலைக்கு வந்து நாலு வருடம்கூட ஆகவில்லை. நான் படபடவென்று மூன்று அறிகுறிகளையும் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி சார். பெரிய பறவை எத்தனை செத்திருக்குது, குஞ்சு எத்தனை?"

"எண்ணலை மேடம்."

"எண்ணாம சந்தேகம்னு சொல்றீங்களா?"

"கூட்டமா இருந்தது மேடம்."

"கூட்டமா இருந்தா எண்ணக்கூடாதா சார்? இதோ பாருங்க, நீங்க சந்தேகம்னு எழுதிக் குடுத்தா அது மேல போயிடும். முடிவு வர்ற வரைக்கும் அந்தப் பண்ணையிலிருந்து ஒரு கோழி வெளிய போக முடியாது. உண்மைன்னா ஒரு மணி நேரம்கூட லேட் பண்ணக்கூடாது. உண்மை இல்லைன்னா ஒரு குடும்பமே காலி. நாளைக்குக் காலைல எண்ணிட்டு எனக்கு போன் பண்ணுங்க. அதுக்கப்புறம் எழுதுங்க. யாரும் செத்ததைக் கையால தொட வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. இருபது வருடச் சர்வீஸ் ஆளைப் பார்த்து எண்ணிவிட்டு வா என்கிறாரே என்று. வீட்டுக்குப் போய்க் கடுப்போடு அறிக்கையை எழுதி, எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எண்ணை நிரப்பி முதல் பஸ்ஸில் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று கணக்கு.

விடிகாலையில் ஏரிக்குப் போனேன். கரையில் யாரும் இல்லை. மாட்டுக்குச் சினை ஊசி போடும்போது மாட்டிக்கொள்ளும், தோள்வரை வரும் பிளாஸ்டிக் கையுறை என் பையில் எப்போதும் இருக்கும். அதை மாட்டிக்கொண்டு, ஒரு குச்சியால் தள்ளித் தள்ளி எண்ணினேன். குஞ்சுகள் பதினாலு. பெரிய பறவை?

கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். புதரை விலக்கிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

நிமிர்ந்தேன். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று வெள்ளையாக இருந்த கால்கள் இன்று வெள்ளையாக இல்லை. வெளிறிய சிவப்பில், கழுவி விட்டதுபோல் இருந்தன. இறக்கைகள் மடிந்திருந்தன. பறவைகள் வயலுக்குப் போவதும் வருவதுமாக, குஞ்சுகளுக்கு இரை கக்கிக் கொடுப்பதுமாகச் சுறுசுறுப்பாக இருந்தன. நேற்று சாகக் கிடந்தவை இன்று குடித்தனம் நடத்துகின்றன. வாய் மட்டும் அப்படியே திறந்திருந்தது.

"என்னா சார், நேத்து ஊரையே கதி கலங்க வச்சுட்டுப் போனீங்க. இன்னைக்கு யாரைப் பயமுறுத்த வந்திருக்கீங்க?"

சரோஜா. ஏரிக்கரைக்குக் கீழேதான் வீடு. உப்பளத்தில் வேலை. வெயில் ஏறும் முன்னால் போய்ச் சேர, சோற்றுத் தூக்கோடு கிளம்பியிருந்தாள். அவள் வீட்டில் ஒன்பது கோழி உண்டு என்பது எனக்குத் தெரியும், தடுப்பூசி போட்டவன் நான்தான். அன்றைக்கு அந்த ஒன்பதும் எந்தக் கூடைக்கடியில் இருந்தனவோ.

"ஏம்மா, இதுங்க காலெல்லாம் நேத்து வெள்ளையா இருந்துதே, பாத்தியா?"

"தெனம்தான் பாக்குறேன். விடிகாலைல வெள்ளையா இருக்காது சார். உச்சி வெயிலுக்குத்தான் காலுல கழிஞ்சு உட்டுக்கும்."

"எதுக்கு?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். உப்புப் பாத்தியில் நிற்கத் தெரியாத புது ஆளை மேஸ்திரி பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"எதுக்கா? நாங்க உப்பளத்துல வெயில் தாங்கலைன்னா முழங்காலுக்குத் தண்ணி மோந்து ஊத்திக்கிறோம். அதுங்களுக்குக் குடம் யாரு சார் தூக்கிக் குடுப்பா?"

பிற்பாடு ஒரு புத்தகத்தில் இதையே ஒன்றரைப் பக்கத்துக்குப் படித்தேன். நாரை தன் காலில் தானே கழிந்துகொள்ளும், அந்த ஈரம் காயும்போது காலில் ஓடும் ரத்தம் குளிரும் என்று விளக்கமாக இருந்தது. சரோஜா சொன்னதைவிட அதில் அதிகமாக ஒன்றும் இல்லை.

"சரி, வாய் ஏன் திறந்தே கெடக்குது? மூச்சு உட முடியாமத்தானே?"

இந்த முறை அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டே சிரித்தாள். "அது வாயே அப்படித்தான் சார்! நத்தை தின்னுற வாயி. அலகு முனையை உள்ள உட்டு உருவி எடுக்கும். குஞ்சைப் பாருங்க, அதுக்கு வாய் ஒழுங்கா மூடும். வளர வளரத்தான் சந்து உழும்."

நான் கையுறைக் கையால் ஒரு செத்த குஞ்சைப் புரட்டிப் பார்த்தேன். அலகு ஒரு சந்து இல்லாமல் மூடியிருந்தது. பக்கத்துக் குஞ்சையும் பார்த்தேன். அதுவும் மூடியிருந்தது. மேலே பெரிய பறவையைப் பார்த்தேன். சரியாக மூடாத பாக்குவெட்டி மாதிரி, நுனி சேர்ந்து நடுவில் இடைவெளி. மூச்சுத் திணறும் குஞ்சு வாயை மூடிக்கொண்டு செத்துப்போய், நல்ல பறவை வாயைத் திறந்துகொண்டு இரை தேடப் போகுமா? இருபது வருடம் படித்த படிப்பு என் காதுக்குள் கொல்லென்று சிரித்தது.

ஆனால் பதினாலு குஞ்சு செத்தது நிஜம். அதை யாரும் சிரித்து மறைக்க முடியாது. "அப்போ இதுங்க ஏன் விழுதுங்க?" என்று கேட்டேன்.

சரோஜா தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தபடியே சொன்னாள். "நட்ட நடு வெயில்ல ஒருத்தன் வெடி வெடிச்சா, பெத்தது பறந்து போவுது, குஞ்சு தடுமாறி விழுது. உங்க பாயைக் கேளுங்க."

பஷீர் பாய் கொட்டகை வாசலில் இருந்தார். கோழிகளைப் புதைக்க ஆள் சொல்லிவிட்டிருந்தார். கண் சிவந்திருந்தது. வெடி விஷயத்தைக் கேட்டதும் ஒளிக்கவில்லை.

"ஆமா சார். காய்ச்சல்னு டிவியில சொன்ன மறுநாள்லேருந்து மத்தியானம் மத்தியானம் சரம் கொளுத்திப் போடுறேன். பறந்து போயிடும்னு பாத்தேன். ரெண்டு நிமிஷம் சுத்திட்டு திரும்ப வந்து உக்காந்துக்குதுங்க."

"குஞ்சு எப்போலேருந்து விழுது?"

அவர் விரல் விட்டு எண்ணினார். வெடி வைத்த நாள் நாலு. குஞ்சு விழுந்த நாள் நாலு. அவர் பயந்து வெடி வைக்க, குஞ்சு விழ, அதைப் பார்த்து இன்னும் பயந்து இன்னும் நீளமான சரமாக வாங்கி வந்திருக்கிறார்.

"யா அல்லா," என்றார். "நானே கொன்னுட்டு நானே உங்களைக் கூப்பிட்டேனா?"

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். பையில் அறிக்கை இருக்கிறது. அது தப்பு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நேற்று அது சரி என்றும் இதே எனக்குத்தான் தோன்றியது. உப்பளத்து அம்மா ஒருத்தி சொன்னதை நம்பிப் பேசாமல் இருந்து, நாளைக்கு உண்மையிலேயே காய்ச்சலாகிவிட்டால்? அறிக்கையைக் கிழிக்கவும் பயம், அனுப்பவும் பயம். நான் கிழிக்கவில்லை, அனுப்பவும் இல்லை. பூத்துக்குப் போய் டாக்டரம்மாவை எழுப்பி, பெரிசு பூஜ்யம், குஞ்சு பதினாலு என்று சொல்லி, வெடி, கால், அலகு எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் சொல்ல வேண்டியதையும் சொன்னேன்.

"நேத்து நான் பாத்தது தப்பா இருக்கலாம் மேடம்."

"தேங்க்ஸ் சார்," என்றார். எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. "இன்னைக்கு சாயங்காலமே வர்றேன். எப்படியும் சாம்பிள் எடுத்துடலாம். பண்ணை வாசல்ல சுண்ணாம்பு போடுங்க. யாரையும் உள்ள விடாதீங்க. வெடி வேணாம். நான் வர்ற வரைக்கும் மரத்தை வெட்ட விடாதீங்க."

கடைசியாகச் சொன்னது சுலபமாக இல்லை. பத்து மணிக்குத் தலைவர் வந்தார். கூட ஏழெட்டுப் பேர், கோடாரி, வெட்டுக்கத்தி, கயிறு. பின்னால் வேடிக்கை பார்க்கப் பாதி ஊர்.

துறையில் மாடு முட்டியிருக்கிறது, நாய் கடித்திருக்கிறது. அந்த வார்த்தைகளைச் சொன்ன கஷ்டம் எதிலும் இல்லை. "நேத்து நான் சொன்னது தப்பு. இதுங்களுக்கு நோய் இருக்கற மாதிரி தெரியலை."

"நேத்து கழிச்சல்னீங்க?" என்றார் தலைவர்.

"ஆமா. காலைப் பாத்து ஏமாந்துட்டேன். இப்போ பாருங்க, வெள்ளையா இருக்குதா?"

எல்லோரும் பார்த்தார்கள். இல்லை.

"வெயில் ஏறட்டும். மறுபடியும் வெள்ளையாகும். சூட்டுக்காக அதுவா கழிஞ்சுக்குது. பதினொன்னரைக்குள்ள ஆகலைன்னா முதல் கோடாரியை நானே புடிக்கிறேன்."

நேரம் குறித்துச் சவால் விடவே கூடாது, தம்பிகளே. ஒரு வேகத்தில் வந்துவிட்டது. ஆனால் சவால் என்றதும் ஊருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கோடாரிகளைக் கீழே போட்டுவிட்டுக் கரைச் சரிவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சத்தம் போடக் கூடாது, எழுந்து நடக்கக் கூடாது என்றேன். ஒருவர் தும்மினார். பக்கத்திலிருந்த நாலு பேர் நாலு அடி தள்ளி உட்கார்ந்தார்கள்.

பதினொரு மணிக்குக் கடல் பக்கமிருந்து ஒரு மேகம் வந்தது.

மாசி மாத வானத்தில் அதற்கு என்ன வேலை? நேராக வந்து சூரியன்மேல் உட்கார்ந்துகொண்டது. ஜிலுஜிலுவென்று காற்று வேறு. நாரைகள் சுகமாக நின்றன. கால்கள் பட்டுப்போலச் சுத்தமாக இருந்தன. பதினொன்றேகால் ஆனது. ஒருவர் கோடாரியை எடுத்து, வேண்டுமென்றே என் பக்கம் காம்பைத் திருப்பி வைத்தார். பஷீர் பாய் கொட்டகை வாசலில், சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, வானத்தைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். மழைக்கு வேண்டுவார்கள், கேட்டிருக்கிறேன். வெயிலுக்கு வேண்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் வேண்டினேன்.

பதினொன்றரை ஆனது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மேகத்தைக் கைகாட்டினேன். "மேகத்துக்கும் ஊசி போடுங்க சார்," என்றது ஒரு குரல். கொல்லென்று சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் சிரித்தவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. அதைக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் மேகம் விலகியது. சுள்ளென்று அடித்தது வெயில். முதலில் இறக்கைகள் விரிந்தன. கரைக்குப் பக்கத்து மரத்தில் ஒரு தாய், சூரியனுக்கு முதுகைக் காட்டி, இறக்கையைப் பாதி விரித்துத் தொங்கவிட்டது. அதன் நிழலுக்குள் மூன்று குஞ்சுகளும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தன. நேற்று நான் காய்ச்சல் என்று சொன்னது இதைத்தான். வெயில் கொஞ்சம் நகர, அதுவும் கொஞ்சம் திரும்பியது. நிழல் குஞ்சுகளை விட்டு விலகவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு வெட்கமில்லை. பிள்ளைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து நோயாளி என்று சொல்லியிருக்கிறேன்.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தத் தாய் வாலை லேசாக முன்னுக்கு வளைத்தது. இடது காலில் ஒரு வெள்ளைக் கோடு இறங்கியது. அப்புறம் வலது காலில். பக்கத்துக் கூட்டில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் மற்றொன்று. மரம் மரமாக வெள்ளை அடித்துக்கொண்டே போனது.

கரையில் யாரோ அடக்க முடியாமல் கைதட்டிவிட்டார்கள். ஒரு பறவை கழிவதைப் பார்த்து ஊரே பல்லெல்லாம் தெரியச் சிரித்து நின்றது எனக்குத் தெரிந்து அந்த ஒருநாள்தான். கைதட்டில் இரண்டு பறவை எழும்பின. உடனே தலைவரே திரும்பி, "டேய், சும்மா இருங்கடா!" என்றார். கோடாரியை எடுத்துக்கொண்டு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அன்றைக்கு ஒரு குஞ்சும் விழவில்லை. மாலையில் டாக்டரம்மா வந்தார். செத்த குஞ்சுகளைப் பார்த்தார், கோழிகளைப் பார்த்தார், சாம்பிள் எடுத்தார். நான் அறிக்கையை நீட்டினேன். எண்ணிக்கையை நிரப்பி, சந்தேகம் என்ற வரியை அடித்து, கீழே 'முந்தைய நாள் என் கணிப்பு தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"இதை எழுதணும்னு அவசியம் இல்லையே சார்."

"ஊருக்கு முன்னால சொல்லிட்டேன் மேடம். எழுதறதுக்கு என்ன?"

அவர் அதைப் படித்துவிட்டுச் சொன்னார், "காலைல நீங்க தப்பா இருக்கலாம்னு சொன்னப்போதான் சார் எனக்கு மூச்சே வந்தது. தான் சொன்னது சரின்னு காமிக்கறதுக்காகவே நோயைத் தேடிப் போறவங்களை நெறைய பாத்துட்டேன்." இளையவர்கள் மூத்தவர்களுக்கும் சொல்லித் தரலாம் என்பதால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களும் தயங்காமல் எங்களைக் கேள்வி கேளுங்கள், எத்தனை, எண்ணினீர்களா என்று.

சாம்பிள் முடிவு வர நாளாயிற்று. நோய் இல்லை என்று வந்தது. ஆனால் பாயின் கவலை தீரவில்லை. கோழிக்கு நோய் இல்லை என்று காகிதம் சொன்னாலும், வாங்குகிறவர்கள் சொல்லவில்லையே. கோழிகள் நாள் கடந்து பெருத்துக்கொண்டே போயின. கோட்டக்குப்பத்திலிருந்து அவர் மனைவியும் மைத்துனரும் வந்து யோசனை சொன்னார்கள். ஊருக்கே பிரியாணி போட்டுவிடுவது, முதலில் இந்த ஊர் சாப்பிடட்டும், அப்புறம் மற்ற ஊர் சாப்பிடும் என்று.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து, கொட்டகைக்கு வெளியே கரை நிழலில் இரண்டு தேக்சா பிரியாணி இறங்கியது. வாசனை ஏரி முழுக்கப் போனது. ஊர் வந்தது. வந்து, தள்ளி நின்றது. தட்டை யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாரையின் காலைப் பார்த்த அதே முகங்கள்.

நான் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். பாய் தன் கையாலேயே பரிமாறினார். கோழிக் காலைப் பிட்டு வாயில் வைத்தேன். என் தாடை அசைவதை ஊரே எண்ணிக்கொண்டிருந்தது. இரண்டாவது வாயை மெல்லும்போது பக்கத்தில் பொத்தென்று ஒருத்தி உட்கார்ந்தாள். சரோஜா.

"பாத்துக்கிட்டே இருந்தா வயிறு ரொம்புமா? போடு பாய். கறி நல்லா போடு."

அவ்வளவுதான். பந்தி நிறைந்தது. இரண்டாவது தேக்சாவும் திறந்தது. வாய்க்கு ருசியாக வயிற்றுக்குள் போகப்போக ஊருக்குக் குரல் திரும்பியது. தலைவர் ஏதோ சொல்ல, ஒரு பக்கமே வெடித்துச் சிரித்தது. பக்கத்து மரத்தில் நாரைகள் படபடவென்று எழுந்தன.

பஷீர் பாய் கரண்டியைப் பிடித்தபடியே பந்தி நடுவில் ஓடினார். உதட்டில் விரலை வைத்து, அடிக்குரலில் அதட்டினார்.

"ஏம்பா, மெதுவா பேசுங்கப்பா! மேல புள்ளைங்க இருக்குது, தெரியலை?"

அன்றைக்கு அந்த ஊரே கிசுகிசுத்தபடி பிரியாணி சாப்பிட்டது. மறுசோறு வேண்டியவர்கள்கூடக் கையைத்தான் தூக்கினார்கள்.